அரசு நல்கைக்கு விண்ணப்பிக்கும் முன்: கலைக்குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசின் நிதியுதவியை நாட நினைக்கும் கூத்து ஜமாவோ (தெருக்கூத்துக் குழுவோ) நாடகக் குழுவோ முதலில் படிக்க வேண்டியது விண்ணப்பப் படிவத்தை அன்று, அத்திட்டத்தின் விதிமுறைகளையே. யாருக்கு, எந்தச் செலவுக்கு, எத்தனை பேருக்கு என்று அவற்றில் எழுதியிருப்பதிலிருந்தே எத்தகைய கலையையும் எத்தகைய அமைப்பையும் அரசு விரும்புகிறது என்பது விளங்கிவிடும். அந்த விருப்பம் பணத்தோடு சேர்ந்து குழுவுக்குள்ளும் நுழையும். 1984இல் ஒன்றிய அரசின் நிகழ்த்துகலை நிறுவனமான சங்கீத நாடக அகாதெமி இளம் நாடகக்காரர்களுக்கு ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கி, நாட்டார் மரபிலும் செவ்வியல் மரபிலும் வேர்கொண்ட தயாரிப்புகளை ஊக்குவித்தது. அதன் பின் பல மொழிகளின் நவீன மேடையிலும் மரபு வடிவங்கள் பெருகின. அவற்றுள் எவை உள்ளார்ந்த தேடலால் வந்தவை, எவை நல்கைக்காக வந்தவை என்ற வாதம் நாடகக்காரர்களிடையே இன்னும் ஓயவில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அடுத்த கேள்வி. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி நாடகமும் கேளிக்கையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனாலும் குழுக்களுக்கான தொடர் நல்கைகளை ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகமும் வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையும் இயல் இசை நாடக மன்றமும் உள்ளன. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் தனிக் கலைஞரின் நலனுக்கானது. குழுவின் தயாரிப்புச் செலவை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினராவது நல்லது.

ஒன்றிய அரசின் நல்கைக்குச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். விதிகளில் நோக்கங்களை எழுதும்போது பயிற்சி, நிகழ்த்துதல், ஆவணப்படுத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டுவிடுங்கள். பின்னர் ஒரு திட்டம் இவற்றுள் ஒன்றைக் கேட்கும்போது, விதியைத் திருத்தப் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய நேராது. சங்கத்தின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) வங்கிக் கணக்கும், தன்னார்வ அமைப்புகளுக்கான ஒன்றிய அரசின் இணையதளமான என்.ஜி.ஓ. தர்பணில் பதிவும் தேவை. மூன்றாண்டு இயங்கியதற்கான சான்றைக் கேட்கும் திட்டங்களும் உண்டு என்பதால், அழைப்பிதழ், துண்டறிக்கை, நாளிதழ்ச் செய்தி எதையும் தூக்கி எறியாதீர்கள்.

நிதானமாக யோசிக்க வேண்டிய திட்டம், குரு-சிஷ்ய மரபை வளர்ப்பதற்கான அமைச்சகத்தின் நல்கை. நாடகக் குழுவாயின் ஒரு குருவும் 18 சீடர்கள் வரையும், இசை, நடனக் குழுவாயின் ஒரு குருவும் 10 சீடர்கள் வரையும் மாத உதவி பெறலாம். குருவுக்கு மாதம் 15,000 ரூபாய். இந்த ஏற்பாடு ஒரு நடனப் பள்ளிக்கு இயல்பாகப் பொருந்தும். கூத்து ஜமாவில் நிலைமை வேறு. அங்கே வரும்படி பங்கு பிரிக்கப்படுகிறது; வாத்தியார், வேடக்காரர், மத்தளக்காரர் ஆகியோரின் பங்குகள் ஜமாவின் வழக்கப்படி அமைகின்றன. முப்பது ஆண்டு வேடம் கட்டியவர் படிவத்தில் ‘சீடர்’ ஆகிவிடுகிறார். இதை அற்பமான சொல் மாற்றம் என்று நான் கருதவில்லை, ஏனெனில் பெயர் விடுபட்டவருக்கும் இடம்பெற்றவருக்கும் இடையே மாதந்தோறும் ஒரு கணக்கு எழும். விண்ணப்பிக்கும் முன்பே ஜமாவைக் கூட்டி, யார் பெயரில் பணம் வரும், விடுபட்டவருக்கு என்ன செய்வது என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் சீடர் கணக்கில் வந்த உதவியைத் திரும்ப வாங்கிப் பங்கிடும் ஏற்பாட்டை அந்தத் தீர்மானத்தில் சேர்க்காதீர்கள். அது முறைகேடாகவே கருதப்படும்.

பணம் வந்ததும் அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நலம். பொது நிதி விதிகள் 2017இன் 12-அ படிவத்தில், பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். நல்கைத் தொகைக்குக் கிடைத்த வட்டியையும் அரசிடம் திருப்பிச் செலுத்த வேண்டும். நிதியாண்டு முடியும் பங்குனியில்தான் வடமாவட்டங்களில் பாரதக் கூத்தின் பருவமும் சூடுபிடிக்கிறது. இரவெல்லாம் ஆடியவரைப் பகலில் ரசீது தேட வைக்காமல், மாசிக்குள் கணக்கை முடித்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை கலை, பண்பாட்டுப் பணிகளையும் அதற்குள் அடக்குகிறது. ஆனால் பெறும் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டப்படியான பதிவுகள் தேவைப்படும்.

மூன்றாண்டு நிறையாத குழுவுக்கு நல்கையைவிடச் சன்மானமே ஏற்றது. தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற நிறுவனங்கள் விழாக்களுக்குக் கலைஞர்களை அழைக்கின்றன. அத்தகைய சன்மானம் ஆடியதற்கான ஊதியம் ஆகையால் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. நாட்டுப்புற, செவ்வியல் வடிவங்களில் கலைஞர் நிகழ்த்தும் நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரையிலான ஊதியத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கும் உண்டு. அந்தப் பணத்தை ஜமா தன் வழக்கப்படியே பங்கு பிரித்துக்கொள்ளலாம்.