காத்திருக்கிறவர் கடைசிக்கால வசனங்களை வாசிக்கும் முறை

கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்து, வேதாகமத்தில் கடைசிக்காலத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்குகிறவர், அதன் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகங்களிலும் எக்காளங்களிலும் முதலிலேயே நுழைந்துவிடாமல், மரித்தவர்களுக்காகத் துக்கித்த சபைக்குப் பவுல் எழுதிய 1 தெசலோனிக்கேயர் 4:13-18 பகுதியை எடுப்பது நல்லது. அது நாள் குறிக்கும் கணக்காக அன்றி, ஒருவரையொருவர் தேற்றும்படியான கட்டளையாகவே முடிகிறது.

அடுத்து யாக்கோபு 5:7-8 வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுகிறவனை அங்கே காணலாம். அவனுடைய மழை நம் வடகிழக்குப் பருவமழை அன்று. ஆயினும், மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுமா என்று நாற்று விட்டுவிட்டுப் பார்த்திருக்கும் தஞ்சைக் குறுவை விவசாயிக்கு அந்த உவமை விளக்கவுரை இன்றியே புரியும். (அவர் சும்மா காத்திருப்பதில்லை, வரப்பை வெட்டி வாய்க்காலைத் தூர்வாருகிறார் என்பதையும் கவனியுங்கள்.)

வருகையின் நாளைக் கணித்துச் சொல்பவர் எவரேனும் வந்தால், பிதாவைத் தவிர ஒருவரும் அதை அறியார் என்னும் மத்தேயு 24:36ஐக் காட்டினால் போதும். கண்ணீர் துடைக்கப்படுவதைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 21:4ஐ இரவு ஜெபத்துக்கென வைத்துக்கொள்ளுங்கள்.