‘ஆனால்’ வேண்டாம், ‘அதனாலேயே’ போட்டுப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் என் வீட்டுத் தார்சாவில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். சூழல் நகைமுரண் என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் எழுதுவது ஒரே பதில்: எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. அதற்குப் பாதி மார்க்தான் போடுவேன். மீதிப் பாதி: எதிர்பார்த்துச் செய்த காரியமே, நடந்த வேறொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டும்.

எங்கள் ஆச்சி தட்டட்டியில் கூழ்வத்தல் காயப்போட்டிருந்தாள். மழையில் நனைந்திருந்தால் அது கெட்ட நேரம், அவ்வளவுதான். ஆச்சியோ காக்காய்க்குப் பயந்து, வத்தலை வேட்டியோடு தூக்கிவந்து புறவாசல் கட்டிலில் விரித்தாள். பக்கத்து வீட்டு ஆடு அத்தனையையும் தின்றுவிட்டது. காக்காய் என்றால் நாலைந்துதான் போயிருக்கும்!

கதை படிக்கும்போது இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் ‘அதனாலேயே’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பென்சிலால் கோடு போடுங்கள். வெறும் ‘ஆனால்’தான் பொருந்துகிறதா, விட்டுவிடுங்கள்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் புதிதாகப் பிழைக்கச் சிலம்பை விற்கப் போகிறான்; அதனாலேயே சாகிறான். அவன் விலை கேட்ட பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்த மடிப்பையும் பிரியுங்கள். கள்வனைத் தண்டித்துவிட்டோம் என்றிருந்த பாண்டியன், கண்ணகியின் சிலம்பிலிருந்து மணி தெறித்ததும் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று விழுகிறான். கள்வன் என்று தீர்ப்புச் சொன்ன வாயே தன்னைக் கள்வன் என்கிறது.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கொஞ்சம் கடினம். கல்லாகக் கிடந்த அகலிகைக்கு ராமனால் விமோசனம் கிடைக்கிறது. அந்த ராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவள் மறுபடி கல்லாகிறாள். ‘அதனாலேயே’ எங்கே ஒளிந்திருக்கிறது? ராமன்மேல் அவள் வைத்த நம்பிக்கையில். அவ்வளவு நம்பாதிருந்தால் அந்தச் செய்தி அவளை அப்படித் தாக்கியிருக்காது.

தாமதமாக வருகிற பையனிடம் ‘வாரும் மகராசா, இப்பத்தான் விடிஞ்சுதோ?’ என்று நான் கேட்பது வேறு வகை. அது வாய்ச்சொல்லில் இருக்கிற நக்கல்.

போன வாரம் சொந்த அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் எழுதச் சொன்னேன். ஒருத்தி எழுதியது: “மானூரில் அத்தை மகள் கல்யாணம். முகூர்த்தம் தவறிவிடக் கூடாதென்று முதல் பஸ்ஸில் ஏறினேன். விடிய நாலு மணிக்கே எழுந்த அசதியில் தூங்கிவிட்டேன் டீச்சர். கண்டக்டர் எழுப்பியபோது சங்கரன்கோவில்.”

பத்துக்குப் பத்து போட்டேன்.