நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஒலிப்பதிவு

மன்னார்குடிப் பக்கம் முப்பத்தொரு வருடம் மைக் செட் தொழில் செய்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று நான் குழாய் ஸ்பீக்கர் கட்டாத தென்னை மரம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்து போன ஒலிப்பதிவை, "குரல் தெளிவாக இல்லை, மறுபடியும் பதிவு செய்து அனுப்பவும்" என்று பேத்தியின் ஆசிரியை திருப்பி அனுப்பிவிட்டார். ஆறாம் வகுப்புத் தமிழ் வீட்டுப்பாடம். பத்துக் குறள், பொருளோடு, ஐந்து நிமிடத்துக்குள்.

"நல்ல மைக் ஒன்று வாங்கிக்கொடு தாத்தா" என்றாள் பேத்தி. நான் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து படித்திருக்கிறாள். நான்காவது குறளில் குக்கர் விசில். ஏழாவது குறளில் என் இருமல். மைக் என்ன செய்யும், பாவம்? அது கேட்டதை எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருக்கிறது.

நம் காது தந்திரக் காது. தினமும் கேட்கிற சத்தத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் உள்ளே விடும். போனுக்கு அந்தத் தந்திரம் தெரியாது. அதனால் பதிவுக்கு முன்னால் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். பிறகு காதில் விழுந்ததை எல்லாம் தாளில் எழுதட்டும். என் பேத்தி ஏழு எழுதினாள்: மின்விசிறி, பிரிட்ஜ், சுவர்க் கடிகாரம், தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, காகம், தாத்தா. முதல் நான்கையும் நாமே நிறுத்தலாம். கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பிரிட்ஜை அணைத்தால் மறுபடி போடுவதற்கு ஆளை நியமியுங்கள். எங்கள் வீட்டில் மறந்துபோய் ஒரு சட்டி மாவு புளித்துப் பொங்கி வழிந்தது.

காகத்துக்கு வழி, நேரம் பார்ப்பதுதான். காலையில் காகமும் குயிலும், கூடவே கீரை விற்கிறவர் குரலும். மாலையில் தெருப் பிள்ளைகள். எங்கள் ஊரில் மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை ஊரே சோற்று மயக்கத்தில் அடங்கியிருக்கும். இல்லையென்றால் இரவு ஒன்பதுக்கு மேல். இன்னொரு பொன்னான நேரமும் உண்டு. கரண்ட் போய்விட்டால் தெரு முழுவதற்கும் மின்விசிறி, மோட்டார், டிவி எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். மின்வெட்டை வாழ்த்தி வரவேற்கிறவர் ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருவர்தான். இன்வெர்ட்டர் இருக்கிற வீடு என்றால் அதன் ரீங்காரம் எட்டாத அறைக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது இடம். அறை நடுவில் நின்று ஓங்கி ஒரு கை தட்டுங்கள். தட்டிய பிறகும் 'ஞொய்ங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை ஆகாது. வெறும் சுவர், மொசைக் தரை, காலியான கூடம், இவை எல்லாம் குரலைத் திருப்பி அடிக்கும். பதிவில் அது கிணற்றடியில் நின்று பேசுவது போல இருக்கும். துணி, பஞ்சு, சாக்கு இருக்கிற இடம் சத்தத்தை விழுங்கிவிடும். எங்கள் வீட்டில் தை அறுவடையில் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய நெல் மூட்டைகள் பின்கட்டு அறையில் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். அங்கே போய்க் கை தட்டினேன். வால் இல்லை, 'தப்' என்று அங்கேயே செத்துவிட்டது. நெல் இல்லாத வீட்டில் சுவரோரம் மெத்தையைச் சாய்த்து வையுங்கள். அல்லது துணி அலமாரியின் கதவுகளை விரியத் திறந்து, புடவைகளைப் பார்த்தபடி பிள்ளையை நிறுத்துங்கள். அம்மாவின் புடவை அடுக்குக்கு ஈடான ஸ்டூடியோச் சுவர் கிடையாது.

போனில் பேச்சு வாங்கும் மைக், பெரும்பாலும் கீழ் விளிம்பில் சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் ஊசித்துளை அளவில் இருக்கும். உறை அதை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தூசி இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவு செய்யக் கூடாது, விரல் அசைவதெல்லாம் இடி மாதிரி விழும். மார்பு உயரத்துக்கு நான்கு தலையணை, மேலே மடித்த துண்டு, அதன் மேல் போன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. பிள்ளையின் சாண் அல்ல, பெரியவர் சாண். இரண்டு முழம் தள்ளி வைத்தால் குரலோடு அறையும் சேர்ந்து பதிவாகும். நான்கு விரல் அளவுக்கு ஒட்டி வைத்தால் மூச்சுக் காற்று மைக்கில் முட்டும்.

அந்த மூச்சுதான் தமிழில் பெரிய தொல்லை. 'ப' சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று வெடித்து வரும். உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆசிரியை கொடுத்த பத்தில் 350-வது குறளும் இருந்தது. ஏழு சீரில் ஆறு சீருக்குள் 'பற்று' உட்கார்ந்திருக்கும் குறள் அது. முதல் பதிவில் ஆறும் 'டுப் டுப்' என்று வெடித்திருந்தன. மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், தாடைக்கு அருகே வரும்படி நகர்த்தினேன். காற்று நேராகப் போய்விட்டது, குரல் மட்டும் மைக்கில் விழுந்தது. கூட்டத்தில் பேச்சாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது; ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

பொத்தானை அழுத்துவதற்கு முன் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். எங்களுக்கு எட்டாவது குறளில் கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு அழைப்பு வந்து, பதிவு பாதியில் நின்றது. ப்ளூடூத் இயர்போனையும் கழற்றிவிடுங்கள். அதன் மைக் வழியே பதிவு செய்தால் பல போன்களில் குரல் தொலைபேசியில் பேசுவது போல மெலிந்துவிடும்.

படிக்க வேண்டியதைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதிச் சாக்கில் குத்தினோம். தாளைப் புரட்டினால் சரசரக்கும். குறளுக்கு முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. நான்காவது சீருக்குப் பிறகு ஒரு கோடு போட்டு, "மூச்சு இங்கேதான், அம்மாடி" என்றேன். நின்றுகொண்டு படிக்கட்டும், குரல் திறக்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர்.

பதிவைத் தொடங்கியதும் உடனே பேச வேண்டாம். பத்து வினாடி சும்மா நிற்கட்டும். அந்த வெறும் அமைதி பின்னால் உதவும். தப்பு வந்தால் நிறுத்த வேண்டாம். ஒரு கை தட்டிவிட்டு, மூச்சு விட்டு, அந்தக் குறளை மட்டும் முதலிலிருந்து சொல்லட்டும். கம்ப்யூட்டரில் பதிவு ஏறி இறங்கும் கோடாகத் தெரியும்; அதில் தட்டிய இடம் ஒற்றைப் பனைமரம் போல உயர்ந்து நிற்கும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை. பேத்தியின் பதிவில் நான்கு பனைமரங்கள்.

வெட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மரத்தோடு சேர்த்துத் தப்பான பகுதியைத் தேர்ந்தெடுத்து அழிப்பதுதான் வேலை. மெல்லிய இரைச்சல் மிச்சமிருந்தால், அந்தப் பத்து வினாடி அமைதியைத் தேர்ந்தெடுத்து 'இரைச்சல் இதுதான்' என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டு, பிறகு முழுப் பதிவிலும் குறைக்கச் சொல்லலாம். இதில் கை நீளக் கூடாது. அதிகமாகக் குறைத்தால் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

எம்பி3 என்ற சுருக்கிய ஒலிக்கோப்பாக, 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) அளவில் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வரும். சுருக்காத வேவ் கோப்பு என்றால் ஒற்றை ஒலித்தடத்துக்கே நிமிடத்துக்கு 5 எம்பி. கோப்புக்குப் பெயர், வகுப்பு, பாடம் எழுதுங்கள். 'ரெக்கார்டிங் 14' என்று நாற்பது பிள்ளைகள் அனுப்பினால் ஆசிரியை எதை யாருடையது என்று கண்டுபிடிப்பார்? வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசி அனுப்பாமல், கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் வீட்டில் பதிவைக் கேட்காத ஒருவரிடம் இயர்போனைக் கொடுங்கள். என் மருமகள் கேட்டுவிட்டு, மூன்றாவது குறளில் ஒரு 'ழ' 'ள' ஆகிவிட்டது என்றாள். மறுபடி நெல் மூட்டைக்கு நடுவே போய், அந்த ஒரு குறளை மட்டும் அதே இடத்தில், அதே சாண் தூரத்தில் பதிவு செய்து ஒட்டினோம். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. மூலப் பதிவை மதிப்பெண் வரும்வரை அழிக்காதீர்கள்.