மேட்டு நிலத்தில் மாந்தோப்பு: கன்று வாங்குவதற்கு முன்பும் பின்பும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தோப்பு வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகச் சந்தூர்ப் பக்கம் போய்க் கன்று விலை விசாரிக்கிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு முறை நட்ட மாமரம் ஒரு தலைமுறைக்கு மேல் நிலத்தை விட்டு நகராது. நட்ட பிறகு ரகத்தை மாற்றுவதும் இடைவெளியை மாற்றுவதும் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள். ஆகவே விளைந்த காயை யார் வாங்குவார், பங்குனி சித்திரை வெயிலில் கன்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். அந்த விடை தெளிவாகிவிட்டால், எந்த ரகம், எத்தனை மரம் என்பவை ஏறக்குறைய தாமாகவே முடிவாகிவிடும்.

யாருக்காக விளைவிக்கிறோம்

நம் பகுதித் தோப்புகளில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கப்படும் தோத்தாபுரியே மிகுதி. அதற்கு நியாயமான காரணம் உண்டு: ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும், தோல் தடித்திருப்பதால் லாரிப் பயணத்தைத் தாங்கும், பழக்கூழ் ஆலைகள் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஆலைகளின் கொள்முதல் சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதே வாரங்களில் எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பகுதியிலும் இதே காய் இதே ஆலைத் தேவையை நம்பிப் பறிக்கப்படுகிறது. முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் தேங்கியிருந்தால் ஆலைகள் கொள்முதலைக் குறைக்கும்; அப்போது பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூட விலை கட்டாது. எனவே தோப்பு முழுவதையும் தோத்தாபுரியாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிக்கு மேல் போகாமல் அதை நிறுத்திக்கொண்டு, மீதியை நேரடிச் சாப்பாட்டுப் பழமாக விற்கும் ரகங்களுக்கு ஒதுக்குவது பாதுகாப்பானது.

அந்த மீதியில் செந்தூரா முன்கூட்டியே சந்தைக்கு வரும். அளவு சிறியதென்றாலும் நிறத்தால் விற்கும். பங்கனப்பள்ளி எந்த ஊர்ச் சந்தையிலும் கேள்வியுள்ள பழம். அல்போன்சாவுக்கு விலை அதிகம், ஆனால் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் இயல்பும், வெளியே பழுதில்லாமல் தெரியும் பழத்தின் உள்ளே சதை பஞ்சு போல வெளுத்துப் புளித்துப்போகும் குறையும் அதற்கு உண்டு. நீலம் ஒழுங்காகக் காய்ப்பதுடன் பருவத்தின் கடைசியில் வருவதால், மற்ற ரகங்கள் ஓய்ந்த பிறகு கிடைக்கும் விலையைப் பிடிக்கலாம். கொட்டையைத் துளைக்கும் கூன்வண்டு அதை அதிகம் நாடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காவேரிப்பட்டணம் அருகேயுள்ள பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட பையூர் 1 குட்டையாக வளரும் ரகம் என்பதால் நெருக்கி நடுவதற்கு ஏற்றது. நீலத்தையும் தசேரியையும் கலந்து உருவான மல்லிகா வீட்டுத் தேவைக்கும் பக்கத்துச் சந்தைக்கும் நல்ல பழம். ரகங்களைக் கலந்து நடுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது: மாவின் பல ரகங்கள் தம் மகரந்தத்தாலேயே சரியாகக் காய் பிடிப்பதில்லை, பக்கத்து வரிசையில் வேறு ரகம் நின்றால் ஈக்களும் தேனீக்களும் அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும்.

மாவை மட்டுமே நம்ப வேண்டியதும் இல்லை. ஆழமான மண்ணுள்ள வரப்போரத்தில் புளி வைக்கலாம். விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும், காய் எப்படி அமையும் என்பதும் தெரியாது, பெரியகுளத்தின் பி.கே.எம் 1 என்ற ரகம் அல்லது தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நீளக்காய் வகையான உரிகம் ஆகியவற்றின் ஒட்டுக்கன்று அந்த இரண்டு சிக்கலையும் தவிர்க்கும். கல்லும் சரளையுமான சரிவுகளில் சீத்தா தானாகவே வளர்வதை நம் மலையடிவாரங்களில் பார்க்கலாம். தோட்டப்பயிராக வைப்பவர்கள் பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சஹானை விசாரிக்கலாம். முந்திரியைப் பொறுத்தவரை ஊத்தங்கரை, அரூர் போன்ற தாழ்ந்த, வெப்பமான பகுதிகளில் 7 மீட்டர் இடைவெளியில் விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ 3 என்ற ரகத்தின் ஒட்டுக்கன்றை நடலாம். ஓசூர், தளி போன்ற குளிர்ந்த மேட்டுநிலம் அதற்கு ஏற்றதன்று. கொட்டை உடைக்கும் தொழில் பண்ருட்டிப் பக்கமே குவிந்திருப்பதால், ஒருவர் மட்டும் அரை ஏக்கரில் முந்திரி வைத்து விற்பது கடினம். நான்கைந்து பேர் சேர்ந்து வைத்தால் வியாபாரி தேடி வருவார்.

நிலமும் நீரும்

செம்மண், செம்மண் சரளை, வடிகால் வசதி, கார அமிலத் தன்மை 6.5 முதல் 8 வரை. இவை இருந்தால் மா வளரும். மேலே செம்மண்ணாகத் தெரியும் நம் நிலங்களில் இரண்டடிக்குக் கீழே பாறைத்தட்டு இருப்பது சாதாரணம் என்பதால், மேல்மண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. நிலத்தின் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்த்து, 30, 60, 90 செ.மீ ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வயல் பயிருக்கு எடுப்பது போல அரையடி மண்ணை மட்டும் எடுப்பது மரப்பயிருக்குப் போதாது. பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் இதற்கான வழிகாட்டுதலைக் கேட்கலாம்.

மரங்களின் எண்ணிக்கையைத் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்ற பழைய இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம் நிற்கும். 5 மீட்டருக்கு 5 மீட்டரில் 160 மரம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்ற மிக அடர்ந்த நடவில் 670 மரத்துக்கு மேல். மானாவாரியாக, மழையை மட்டும் நம்பும் நிலத்தில் பழைய இடைவெளியே சரி. கோடையிலும் வற்றாத கிணறும் சொட்டுநீரும் உள்ளவர்கள் நடுத்தர இடைவெளிக்குப் போகலாம். மிக அடர்ந்த நடவோ, சொட்டுநீர், உரம் கரைத்துவிடும் அமைப்பு, ஆண்டுதோறும் பறிப்பு முடிந்த உடனே தவறாத கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீராக்குதல், ஆகிய மூன்றும் உள்ளவருக்கு மட்டுமே உரியது. கவாத்துக்கு ஆள் கிடைக்காத ஓராண்டு வந்தால் கூட மரங்கள் ஒன்றோடொன்று பின்னி, உள்பக்கம் வெளிச்சமின்றிக் காய்ப்பு நின்றுவிடும். ஏக்கருக்கு இத்தனை டன் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

குழியும் கன்றும்

ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்ட குழிகளைச் சித்திரை வைகாசியிலேயே எடுத்து வெயிலில் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, நிரப்பும்போது மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து போட வேண்டும். மக்காத சாணம் கறையானை அழைத்துவரும். நம் பகுதியில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மழை கூடுதலாகக் கிடைப்பதால், ஆடியில் குழியை மூடிவிட்டு, மண் நன்றாக நனைந்து அமிழ்ந்த பின் ஆவணி, புரட்டாசியில் நடுவது கன்றுக்கு நல்ல தொடக்கத்தைத் தரும்.

நாற்றங்காலில் உயரமான கன்றைத் தேடுவது வழக்கமாக இருக்கிறது. உயரத்தைவிட ஒட்டு சேர்ந்த இடமே முக்கியம். வேருள்ள அடிச்செடியும் அதன் மேல் ஒட்டிய ரகத்தின் தண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் வீக்கமின்றிச் சேர்ந்திருக்க வேண்டும்; ஒட்டுக்கு மேல் ஒன்றிரண்டு முறையாவது துளிர்விட்டு முதிர்ந்த இலை இருக்க வேண்டும்; பையின் அடியில் வேர் சுருண்டிருக்கக் கூடாது. ரகம் எதுவென்று கன்றைப் பார்த்துச் சொல்வது எளிதன்று என்பதால், தாய்மரம் வைத்திருக்கும் நாற்றங்காலில் வாங்கி, ரகப் பெயர் எழுதிய ரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டில் செந்தூராவுக்குப் பதிலாக வேறொன்று காய்த்தால் அந்த ரசீது ஒன்றுதான் கையில் இருக்கும்.

நடும்போது ஒட்டுப்பகுதி தரைமட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பட்டையை அவிழ்க்க மறப்பதால் தண்டு நெரிந்து காற்றில் ஒடியும் கன்றுகள் ஏராளம். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிர்களை வாரம் ஒரு முறை பார்த்துக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒட்டு காய்ந்து, அடிச்செடியே மரமாகிவிடும்.

முதல் மூன்று ஆண்டுகள்

தோப்பின் பிற்காலம் இந்த மூன்று ஆண்டுகளில்தான் அமைகிறது. தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி வரை கிளையில்லாமல் விட்டு, அதற்கு மேல் வெவ்வேறு திசைகளில் பிரியும் மூன்று அல்லது நான்கு கிளைகளை மட்டும் நிறுத்த வேண்டும். ஒட்டுக்கன்று இரண்டாம் ஆண்டிலேயே பூக்கும். அந்தப் பூவைக் கிள்ளி எறிய மனம் வராது என்றாலும், மூன்று ஆண்டு வரை எறிந்தே ஆக வேண்டும். நாலு காய் பிடித்த கன்று அந்த ஆண்டு வளராது.

கோடையில் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை தண்ணீர் தேவை. சொட்டுநீர் இல்லாதவர்கள் அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றின் அருகே புதைத்து நிரப்பிவைக்கலாம். கடலைத் தோல், கொள்ளுச் சருகு, காய்ந்த புல் என எது கிடைத்தாலும், ஈரம் காயாதபடி மண்ணை மூடும் மூடாக்காக இடலாம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். வரிசைகளுக்கு இடையே நிலக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு விதைக்கலாம். நம் ஊர் வழக்கப்படி துவரையும் போடுவார்கள். கன்றின் மேல் நிழல் விழாத தூரத்தில் இருந்தால் அதனாலும் தீங்கில்லை.

முதலாண்டில் மரத்துக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம். இதை ஆண்டுதோறும் இதே அளவில் கூட்டிக்கொண்டுபோய், ஆறாம் ஆண்டு முதல் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ என்று நிறுத்திக்கொள்ளலாம். கடைக் கணக்கில் இது யூரியா 2 கிலோவுக்குச் சற்று மேல், சூப்பர் பாஸ்பேட் 6 கிலோவுக்குச் சற்று மேல், பொட்டாஷ் இரண்டரைக் கிலோ ஆகும். செப்டம்பர், அக்டோபரில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, தண்டிலிருந்து ஒன்றரை அடி முதல் மூன்றடி வரை தள்ளி வட்டமாகக் கொத்தி இட வேண்டும். மரம் பெரிதாகப் பெரிதாக அந்த வட்டமும் விரிய வேண்டும். தண்டடியில் கொட்டும் உரம், உறிஞ்சும் வேர் அங்கே இல்லாததால், வீணாகும்.

பூவும் பூச்சியும்

காய்ப்புக்கு வந்த மரத்துக்கு ஐப்பசி மழை ஓய்ந்த பின் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட வேண்டும். அந்த வறட்சியும் மார்கழிக் குளிரும் சேர்ந்தே பூவை வரவழைக்கின்றன. அப்போது பாய்ச்சினால் பூவுக்குப் பதில் துளிர் வரும். காய் கோலிகுண்டு அளவு ஆனதும் மறுபடி தண்ணீர் கொடுக்கத் தொடங்கலாம். பிப்ரவரி வரை பூக்காத மரங்களுக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிப்பது உதவும்.

தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூவைத் தாக்குபவை. பூங்கொத்து வெளிவரத் தொடங்கும்போதே கொத்தைத் தட்டிப் பார்த்துத் தத்துப்பூச்சி இருந்தால் மருந்தடிக்க வேண்டும். பூ முழுவதும் விரிந்த நாட்களில் பூச்சிமருந்து அடிப்பது மகரந்தம் சுமக்கும் ஈக்களையும் தேனீக்களையும் கொன்று காய்ப்பைக் குறைக்கும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். பூவில் ஆயிரத்தில் ஒன்று காயாக நின்றாலே நல்ல மகசூல் என்பதால், பிஞ்சு உதிர்வதைக் கண்டு பதறி வாரந்தோறும் கலவை மருந்து அடிப்பது கடைக்காரருக்கே லாபம்.

பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறியை ஏக்கருக்கு ஆறு வீதம், காய் முதிரத் தொடங்கும் முன்பே கட்ட வேண்டும். அது ஆண் ஈக்களை மட்டுமே ஈர்ப்பதால் பொறி மட்டும் போதாது: உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். பக்கத்துத் தோப்பிலும் கட்டினால்தான் முழுப் பயன். தண்டில் துளையும் மரத்தூளும் கண்டால் தண்டுத்துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. கம்பிக் கொக்கியால் இழுத்து எடுத்துத் துளையைக் களிமண்ணால் மூட வேண்டும்.

பறிப்பும் குத்தகையும்

காம்பின் இருபுறமும் தோள் எழும்பி, தண்ணீரில் போட்டால் காய் அமிழ்ந்தால் முதிர்ந்ததென்று கொள்ளலாம். வலைத் தொரட்டியில், சிறிது காம்புடன் பறிக்க வேண்டும். பால் பட்ட தோல் கறுத்து விலை குறையும். பறித்த அல்போன்சாவை வெயிலில் காய்ந்த வெறுந்தரையில் குவிக்காமல், மரநிழலில் சருகின் மேல் வைக்க வேண்டும். முக்கால் பதத்துக்குச் சற்று மேலான முதிர்ச்சியில் பறிப்பதும் பஞ்சுச்சதைக் குறையைக் குறைக்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயு அறையே அனுமதிக்கப்பட்ட வழி.

தோப்பைக் குத்தகைக்கு விடுபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். ஓரிரு ஆண்டுக்கு மட்டும் எடுப்பவர், அந்த ஆண்டிலேயே நிறையக் காய்க்க வேண்டுமென்று கல்டார் என்ற பெயரில் விற்கும் பாக்லோபியூட்ரசாலை வேரடியில் ஊற்றுவது உண்டு. மரத்தின் வளர்ச்சி ஊக்கியைத் தடுத்துப் பூக்கவைக்கும் அந்த மருந்து, விதானத்தின், அதாவது கிளைப்பரப்பின், குறுக்களவு மீட்டருக்கு 3 மி.லி என்ற அளவில், நல்ல உரமும் நீரும் பெறும் திடமான மரத்துக்கு, செப்டம்பரில் ஒரு முறை மட்டும் உரியது. அளவு மிஞ்சினாலும், மானாவாரி மரத்துக்கு ஆண்டுதோறும் ஊற்றினாலும், துளிர் குறுகிப் பூங்கொத்து சுருண்டு, மரம் பல ஆண்டு எழாது. மண்ணிலும் அது நெடுநாள் தங்கும். ஆகவே குத்தகைப் பத்திரத்தில் தொகையோடு, கல்டார் ஊற்றலாமா, ஊற்றினால் எவ்வளவு, பறிப்புக்குப் பின் கவாத்து யார் செலவு, தொழு உரம் யார் பொறுப்பு என்பவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.