அச்சுறுத்திச் சொல்லும் சுவிசேஷம்: சாட்சி சொல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பின் அறியாத ஒருவரிடம், "இன்று இரவு நீங்கள் மரித்தால் உங்கள் ஆத்துமா எங்கே போகும்?" என்று கேட்டு, இயேசுவைப் பற்றிய பேச்சைத் தொடங்குவது நம் சபைகளில் பலருக்குப் பழகிப்போன முறை. கேட்பவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பேருந்துக்குக் காத்திருப்பவரின் கையில் அக்கினிக் கடலின் படம் போட்ட கைப்பிரதியைத் திணித்துவிட்டு அடுத்தவரிடம் நகரும்போது, அவர் பெயரைக்கூட நாம் கேட்டிருப்பதில்லை. பயந்து ஒப்புக்கொண்டவர் பயம் தணிந்ததும் விலகிவிடுகிறார்; விலகாமல் தங்குகிறவரோ, தேவனைத் தண்டிக்கக் காத்திருக்கும் அதிகாரியாகவே கடைசிவரை எண்ணி நடுங்குகிறார். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதியிருக்க, அந்தப் பயத்தையே வாசலாக வைப்பது எப்படிப் பொருந்தும்?

இயேசுவே நரகத்தைப் பற்றிப் பேசவில்லையா என்று சிலர் கேட்பார்கள். பேசினார், யாரிடம் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். மலைப் பிரசங்கத்தில் தம்முடைய சீடர்களிடமும், மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வேதபாரகர், பரிசேயர் என்ற அக்கால யூத மதத் தலைவர்களிடமும் அவர் அவ்வாறு எச்சரித்தார். சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். ஊரார் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவனான சகேயுவிடம் சொன்னது, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்பது. தம்மை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, அவர் அதட்டியது அந்தக் கிராமத்தாரை அல்ல, தம் சீடர்களைத்தான்.

இவை எல்லாவற்றிலும் கொடியதாக நான் கருதுவது, நோயாளியின் படுக்கையருகே நடப்பது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, எழுந்து போகவும் முடியாமல் கிடப்பவரிடம், "உங்கள் குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது, அறிக்கையிடாத பாவம் இருக்கிறது" என்று சொல்லி ஜெபிப்பவர்கள் இருக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தையும் அவர் மறுத்தார். நோயாளிக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார ஓர் ஆள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் வர ஓர் ஆள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பேசாமல் உடனிருங்கள்.

பிறர் வணங்கும் தெய்வங்களை இகழ்ந்து பேசுவதும் அச்சுறுத்தலின் இன்னொரு வடிவமே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் படித்தார். இங்குள்ளவர்களின் நம்பிக்கைகளை அவர்களிடமே கேட்டு எழுதினார். அவருடைய வாதங்கள் எல்லாமே மென்மையானவை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அண்டை வீட்டார் எதை, ஏன் நம்புகிறார்கள் என்று ஒருமுறையும் கேட்டறியாமலே கண்டனம் செய்யும் நமக்கு, அவருடைய உழைப்பில் பாதியாவது வேண்டும்.

பள்ளிக் கட்டணமோ அரிசியோ கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆளை எதிர்பார்ப்பது உதவி ஆகாது. கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை. எட்டு வயதுப் பிள்ளையிடம் நரகத்தை விவரித்து, பயப்படுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றால் அறை முழுவதும் கைகள் உயரும். அதை எண்ணி அறிக்கையில் எழுதுவது நேர்மையன்று. அந்தப் பிள்ளை இரவில் தூக்கம் வராமல் அழுவதைப் பார்க்கப்போவது அதன் தாய்தான். பிள்ளைகளை அணைத்துக்கொண்ட இயேசுவைச் சொல்லுங்கள். பெற்றோர் வேறு சமயத்தவரானால், என்ன கற்பிக்கிறோம் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக, ஒருவர் மறுத்தபின் நாம் நடந்துகொள்ளும் விதம். ஐசுவரியமுள்ள வாலிபனை இயேசு பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார்; சொத்தை விற்றுவிட்டுத் தம்மைப் பின்பற்றச் சொன்னதை ஏற்க முடியாமல் அவன் துக்கத்தோடு போனபோது பின்னால் ஓடி மிரட்டவில்லை. விருப்பமில்லை என்று நம்மிடம் சொன்னவரின் வீட்டுத் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் முன்போலவே போய் நிற்க வேண்டும். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதினார். அவர் என்றாவது கேட்டால் அப்படிச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் அவர் உங்கள் நண்பர்தான்.