கல் உப்பு தூவிய சாக்லேட் ஓட்ஸ் குக்கீஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

குக்கீஸ் செய்முறை எதைத் திறந்தாலும் முதல் வரியிலேயே "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று இருக்கும். எழுதியவர் வீட்டு அறை 20 டிகிரி. மே மாதத்தில் என் சமையலறை 36. அந்த வரியை நம்பி காலையிலேயே வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தேன், மதியம் மாவு கலந்தேன். ஓவனைத் திறந்தால் வைத்த குக்கீஸ் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையாகக் கிடந்தது. "நல்லாத்தான் இருக்கு, பிச்சுக் குடு" என்றார் அம்மா. ருசியில் குறை இல்லைதான். ஆனால் அதை குக்கீஸ் என்று யாரிடமும் கொடுக்க முடியாது.

இது நம் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட முறை. 18 குக்கீஸ் வரும்.

தேவையானவை:
உப்பில்லாத வெண்ணெய் - 100 கிராம்
நாட்டுச்சர்க்கரை - 90 கிராம்
வெள்ளைச் சர்க்கரை - 50 கிராம்
முட்டை - 1
வெனிலா எசென்ஸ் - 1 டீஸ்பூன்
மைதா - 100 கிராம்
ரோல்டு ஓட்ஸ் - 120 கிராம்
டார்க் சாக்லேட் - 120 கிராம்
ஆப்பசோடா - அரை டீஸ்பூன்
தூள் உப்பு - கால் டீஸ்பூன்
மேலே தூவ கல் உப்பு - கொஞ்சம்

கப் அளவு கேட்காதீர்கள். மைதாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் வேறு எடை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஓட்ஸ் பாக்கெட்டில் ரோல்டு என்று இருக்க வேண்டும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மாவோடு மாவாகக் கரைந்துவிடும், கடிக்க ஒன்றும் இருக்காது. (மசாலா ஓட்ஸ்தான் வீட்டில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். வேண்டாம்.) சாக்லேட்டில் காம்பவுண்ட் என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். அதில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், வாயில் மெழுகு மாதிரி நிற்கும். நாட்டுச்சர்க்கரை கருத்ததாக இருக்கட்டும். அதில் இருக்கும் ஈரமும் பாகும்தான் குக்கீஸின் நடுப்பகுதியை மெத்தென்று வைக்கிறது. அதன் லேசான புளிப்பு ஆப்பசோடாவுக்கும் வேலை கொடுக்கும். கட்டி இருந்தால் சலித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஓட்ஸை வறுப்பது. பல செய்முறைகளில் இது இருக்காது, நான் விடமாட்டேன். வெறும் கடாயில் சின்ன தீயில் ஐந்து நிமிடம். நிறம் பெரிதாக மாறாது. பொரி கடைப் பக்கம் போனால் வருமே, அந்த மாதிரி வாசனை வரும்போது இறக்கி, தட்டில் கொட்டி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகும், மறுபடி அடைதான்.

அதே கடாயில் ஒரு ஸ்பூன் கல் உப்பையும் இரண்டு நிமிடம் வறுத்து, ஈரம் போனதும் இடிகல்லில் இரண்டே தட்டு தட்டுங்கள். ரவை பதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இதற்கென்று இங்கிலாந்தின் மால்டனிலிருந்து வரும் செதில் உப்பு விலை கூடுதலாகக் கிடைக்கிறது. அழகாக இருக்கும், மறுக்கவில்லை. தூத்துக்குடி உப்பளங்கள் இருக்கிற மாநிலத்தில் அதைத் தேடி அலைய எனக்கு மனம் வரவில்லை.

சாக்லேட்டைக் கத்தியால் ஒழுங்கில்லாமல் நறுக்குங்கள். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரூத் வேக்ஃபீல்ட் தன் விடுதியில் சாக்லேட் குக்கீஸ் செய்தபோது கட்டிச் சாக்லேட்டைத்தான் துண்டு போட்டார். சிப்ஸ் என்று தனியாக விற்க ஆரம்பித்தது அதன் பிறகு. நறுக்கும்போது உதிரும் தூளையும் மாவில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது வெண்ணெய். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு வையுங்கள். கோடையில் பத்து நிமிடம் போதும், மார்கழியில் அரை மணி ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கக் கூடாது. மேலே எண்ணெய் மினுங்கினால் பதம் தாண்டிவிட்டது, திரும்ப உள்ளே வையுங்கள். உப்பு போட்ட வெண்ணெய்தான் இருக்கிறதென்றால் பரவாயில்லை, தூள் உப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

வெண்ணெயோடு இரண்டு சர்க்கரையும் சேர்த்து பீட்டரில் இரண்டு நிமிடம், கையால் என்றால் ஐந்து நிமிடம் அடியுங்கள். நிறம் ஒரு சுற்று வெளுத்தால் சரி. முட்டை, வெனிலா சேர்த்து இன்னும் ஒரு அடி. பிறகு மைதா, ஆப்பசோடா, தூள் உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, கரண்டியால் மாவு மறையும் வரை மட்டும் கிளறுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் குக்கீஸ் இறுகிவிடும். கடைசியாக ஓட்ஸும் சாக்லேட்டும்.

கையில் ஒட்டும், தளர்ந்த மாவாக இருக்கும். பயந்து இன்னும் மைதா போடாதீர்கள். மூடி போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகும், ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது உருட்டத் தோதாக இருக்கும்.

ஓவனை 175 டிகிரியில், மேலும் கீழும் கம்பி எரிய, 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். 35 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள். லேசாகத் தட்டிவிட்டால் போதும். என் சின்ன ஓவனில் ஒரு ஈட்டுக்கு ஆறுதான் கொள்ளும். மீதி மாவு அதுவரை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். தட்டையும் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆறவிடுங்கள்.

ஏழாவது நிமிடம் தட்டை முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வையுங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஓரம் பொன்னிறமாகும், நடுவில் மட்டும் வேகாத மாதிரி ஈரமாகத் தெரியும். அப்போதே எடுத்துவிட வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. எனக்கும் நடுங்கியது. நடுப்பகுதி கெட்டியாகட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன். ஆறியதும் உலக்கையால்தான் உடைக்க வேண்டியிருந்தது. தட்டின் சூட்டிலேயே அது மேலும் வேகும், ஆறஆற இறுகும்.

எடுத்த கையோடு, சாக்லேட் இன்னும் இளகியிருக்கும்போதே, இடித்த உப்பை உயரத்திலிருந்து தூவுங்கள். ஒரு குக்கீக்கு ஏழெட்டுப் பரல். உருகிய சாக்லேட்டில் அது பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் தட்டை விட்டு எடுக்காதீர்கள், தூக்கினால் உடையும்.

முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். ஓட்ஸோடு அந்த வாசனை நன்றாகவே போகும்.

காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் இருக்கும். கடலோர ஊர்க்காரர்கள் மட்டும் கவனம்: டப்பா சரியாக மூடாவிட்டால் மேலே தூவிய உப்பு நீர்விட்டுக் கசியும். நான் ஒரே நாளில் எல்லாவற்றையும் சுடுவதில்லை. பாதி உருண்டைகளை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். விருந்தாளி வந்தால் அப்படியே எடுத்து, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடுவேன். உப்பு சுட்டு எடுத்த பிறகுதான் தூவ வேண்டும், உருண்டை பிடிக்கும்போது அல்ல.