பெறாமக்களை வளர்க்கிறீர்கள், கவுன்சில் காசு தரமாட்டேன் என்கிறதா? முறைப்பாடு செய்யும் விதம்

இங்கிலாந்தில் பேரப்பிள்ளையையோ தங்கையின் பிள்ளையையோ எடுத்து வளர்க்கிற எங்கள் ஆட்களிடம் "கவுன்சில் ஏதும் தருகுதோ?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கட ரத்தத்துக்கு நாங்கள் காசு கேக்கிறதோ" என்றுதான் முதலில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு நாள் இரவு பத்தரைக்கு சோஷல் வேர்க்கர் என் தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து, உடுப்பு நிறைந்த ஒரு கறுப்புக் குப்பைப் பையையும் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். பத்து மாதம் கழித்து வாடகை பிந்தத் தொடங்கியபோதுதான் வாய் திறந்தேன். அந்தக் காசு எனக்கில்லை, பிள்ளைகளுக்குச் சேரவேண்டியது என்பது அப்போதுதான் விளங்கியது. நீங்கள் பத்து மாதம் காத்திருக்க வேண்டாம்.

எல்லாம் ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது: பிள்ளையை உங்களிடம் விட்டது யார்? தாய் தகப்பன் தாங்களாகவே உங்களிடம் தந்திருந்தால் அது குடும்ப ஏற்பாடு. அப்போது கவுன்சிலுக்குக் கடமை குறைவு, ஆனாலும் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் செக்ஷன் 17இன் கீழ் உதவி கேட்கலாம். ஆனால் கவுன்சில்தான் போன் எடுத்து, "பிள்ளை அந்த வீட்டில் இருக்கமுடியாது, நீங்கள் பார்ப்பீர்களா, இல்லாவிட்டால் தெரியாத ஆட்களிடம் போகும்" என்று கேட்டிருந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளை செக்ஷன் 20இன் கீழ் கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பிள்ளையாக இருக்கலாம். அப்படியானால் உங்களைத் தற்காலிக ஃபொஸ்டர் பராமரிப்பாளராக (கவுன்சிலுக்காகப் பிள்ளையை வளர்ப்பவராக) அங்கீகரித்து, ஃபொஸ்டர் அலவன்ஸ், அதாவது பிள்ளையின் செலவுக்கான காசு, தரவேண்டும். 2007இல் லண்டன் சதர்க் கவுன்சில் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஏற்பாட்டில் முக்கிய பங்கு எடுத்த கவுன்சில் பிறகு "இது குடும்பத்துக்குள் நடந்தது" என்று கைகழுவ முடியாது. குடும்ப ஏற்பாடு என்றால் செலவுக்குப் பெற்றோரிடம்தான் போகவேண்டும் என்பதை அப்போதே உங்களுக்கு விளங்கச் சொல்லியிருக்கவேண்டும். உறவுக்காரர் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பதும் பிழை, 2001இல் மான்செஸ்டர் கவுன்சில் அதிலே நீதிமன்றத்தில் தோற்றது.

இன்னொன்று, இது எங்கள் ஆட்களுக்கென்றே இருக்கிற சிக்கல். எங்களுக்கு அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவும் பெரியம்மாதான், அப்பாவின் மச்சான் முறைக்காரர் எல்லோரும் மாமாதான். இந்தச் சட்டத்தில் நெருங்கிய உறவு என்றால் பாட்டன், பாட்டி, சகோதரர், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் (கலியாணத்தால் வந்தவர்களும் சேர்த்தி), மாற்றாந்தாய் தகப்பன், அவ்வளவுதான். ஒன்றுவிட்ட பெரியம்மா அதற்குள் வரமாட்டார். பெற்றோர் தாங்களே 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை அவரிடம் 28 நாளோ அதற்கு மேலோ விட்டால் அது தனியார் ஃபொஸ்டரிங், கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். ஆகவே கடிதத்தில் "பெரியம்மா" என்று மட்டும் எழுதாமல், யாருடைய யார் என்று உடைத்து எழுதுங்கள்.

ஸ்பெஷல் கார்டியன்ஷிப் கட்டளை (பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை உங்களிடம் தரும் நீதிமன்றக் கட்டளை) எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினால் நிதானியுங்கள். எவ்வளவு தருவார்கள், எத்தனை காலம், எதைக் கழிப்பார்கள் என்ற உதவித் திட்டம் எழுத்தில் கைக்கு வரும்வரை சம்மதிக்கவேண்டாம். கவுன்சில் உங்கள் வருமானத்தைப் பார்க்கும், ஒவ்வொரு வருடமும் திருப்பிப் பார்க்கும். ஆனால் கணக்கு ஃபொஸ்டர் அலவன்ஸை வைத்துத் தொடங்கவேண்டும். அதைவிட்டுத் தத்தெடுப்பு விகிதத்தில் கொடுத்த லூயிஷம் கவுன்சிலின் திட்டத்தை 2008இல் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டளைக்கு முன்பே ஒத்துக்கொண்ட மாதாந்தக் காசு நீங்கள் வேறு ஊருக்கு வீடு மாறினாலும் பழைய கவுன்சிலின் பொறுப்புத்தான்.

சரி, முறைப்பாட்டுக்கு வருவோம். எழுத முன் தாள்களைச் சேருங்கள். பிள்ளை வந்த திகதி, நேரம், கூட்டிவந்தவர் பெயர், சொன்ன வார்த்தை. என்னைக் காப்பாற்றியது ஒரு சின்னக் குறுஞ்செய்தி: "பிள்ளைகளை இன்றிரவு உங்களிடம் கொண்டுவரலாமா?" கவுன்சில் ஏழு பக்கக் கடிதத்தில் "குடும்ப ஏற்பாடு" என்று எழுதியிருந்தது, இந்த ஒரு வரி அதைக் கவிழ்த்தது. ஆகவே பழைய போனை எறியாதீர்கள். உங்களைப் பற்றிக் கவுன்சில் வைத்திருக்கும் ஃபைலையும் கேட்டு எடுங்கள், இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், ஆனால் அது வரும்வரை முறைப்பாட்டைத் தள்ளிப்போடவேண்டாம். 2024 ஒக்டோபரில் வந்த அரசாங்க வழிகாட்டலின்படி உறவினர் பராமரிப்புக்கு என்ன உதவி என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் வெளியிட்டு வைக்கவேண்டும். உங்கள் கவுன்சிலுடையதை வாசித்து, அவர்கள் சொன்னதையே அவர்களுக்குத் திருப்பி எழுதுங்கள்.

கடிதத்தில் வயிற்றெரிச்சலைக் கொட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது, முதல் நகலில் நான்கு பக்கம் அதுதான். பிறகு கிழித்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன்: என்ன நடந்தது, என்ன செய்திருக்கவேண்டும், எனக்கு என்ன வேண்டும். கடைசியை விட்டுவிடாதீர்கள். "பிள்ளை வந்த நாளிலிருந்து நிலுவை கணக்குப் பார்த்துத் தாருங்கள்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

"சிறுவர் சேவை சட்டமுறை முறைப்பாடு" என்று தலைப்பிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் குப்பைத்தொட்டி, பார்க்கிங் முறைப்பாடுகள் போகும் வழியில் இதையும் தள்ளிவிடுவார்கள். முதற்கட்டப் பதில் 10 வேலை நாட்களில், கூடினால் 20. பதில் திருப்தியில்லை என்றால் 20 வேலை நாட்களுக்குள் இரண்டாம் கட்டம் கேளுங்கள். அதில் விசாரணை அதிகாரியோடு கவுன்சிலுக்கு வெளியே உள்ள ஒருவரும் இருப்பார். இதற்குப் பதில் 25 வேலை நாட்களில், இழுத்தால் 65. அதற்கும் மேலே மீளாய்வுக் குழு, அதைக் கேட்கவும் உங்களுக்கு 20 வேலை நாட்கள்தான். "இத்தோடு முடிந்தது" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால், எழுத்தில் தரச்சொல்லுங்கள்.

இவையெல்லாம் முடிந்தும் சரிவரவில்லையா, அல்லது மாதக்கணக்கில் பதிலே இல்லையா, உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுதந்திரமான அமைப்பு) போங்கள். காசில்லை, வக்கீல் தேவையில்லை. பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போவது நல்லது, பிந்தினால் காரணம் சொல்லவேண்டும். நீதிமன்றம் தீர்மானித்த விடயத்தை அவர்கள் தொடமாட்டார்கள். ஆனால் நிலுவையைக் கொடு, மன்னிப்புக் கேள், இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களையும் திருப்பிப் பார் என்று கவுன்சிலுக்குச் சொல்வார்கள், கவுன்சில்கள் பெரும்பாலும் கேட்கும். 2013இலும் 2018இலும் இந்தப் பிரச்சினைகளுக்கென்றே அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை, இரண்டாம் கட்டத்தில் நிலுவை வந்தது. தனியாக எழுதப் பயமாக இருந்தால் இப்படியான குடும்பங்களுக்கு உதவும் ஃபமிலி ரைட்ஸ் குரூப் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனை எண் 0808 801 0366.

ஆங்கிலம் தடங்கினால் கூட்டத்துக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மம்மாவுக்கு, பதினொரு வயதுப் பேத்திதான் மொழிபெயர்த்தாள். "உன்னைப் பார்ப்பதற்குக் காசு தரமுடியாதாம்" என்பதை அந்தப் பிள்ளையே தன் வாயால் அம்மம்மாவுக்குச் சொல்லவேண்டி வந்தது. தயவுசெய்து அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.